பேரேட்டில் பொம்பிளை, பேச்சுவார்த்தையில் ஆம்பிளை: மூணாறு, 2015

கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை மூணாறு ஊருக்குள் புகுந்துதான் போடிமெட்டுப் பக்கம் போகும். 2015 செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தச் சாலையில் சில ஆயிரம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகிறவர்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் வீட்டு மொழி தமிழ். கொடி இல்லை, மேடை இல்லை. உங்கள் தலைவர் யார் என்று கேட்ட நிருபர்களுக்கு ஆரம்பத்தில் சரியான பதில்கூடக் கிடைக்கவில்லை. சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டினார்கள். சங்க அலுவலகங்கள் மீது செருப்பு விழுந்தது. தொகுதி எம்எல்ஏ எஸ். ராஜேந்திரனும் இந்தக் கூட்டத்திடமிருந்து தப்பித்துப் போக வேண்டியதாயிற்று.

தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'பொம்பிளை ஒருமை'. மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று, பன்மைக்கு எதிர். இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்கிறவர்கள் வாயில் தானாக வந்த பெயர். யோசித்து வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

இந்தப் போராட்டத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் பகுதியாகப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது முதலில் ஒரு குடும்பக் கதையாகப் படுகிறது. ஒரு வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், வீடு யார் வேலையில் நிற்கிறது, வெளியில் அந்த வீட்டுக்காகப் பேசுவது யார் என்ற மூன்றும் பொருந்தாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மூணாறைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வீடு நிற்பது யார் பேரில்

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடம் குத்தகைக்கு எடுத்த மலை இது. தோட்டம் போட ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். போடி வழியாக, குரங்கணி வழியாக நடந்தே மலை ஏறினார்கள். தனி ஆளாக வருகிறவன் ஓடிவிடுவான், குடும்பமாக வந்தால் ஓட மாட்டான் என்பது துரைமார்களின் கணக்கு. அதனால் தொடக்கத்திலிருந்தே புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூவருமே கூலிதான். நம் சமவெளியில் 'பெண்கள் எப்போது வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்' என்று கட்டுரை எழுதுகிறோமே, அந்தக் கேள்விக்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இடமில்லை. வேலைக்குப் போகாத பெண் என்று அங்கே ஒருத்தி இருந்ததில்லை.

மாறியது வேறொன்று. காலப்போக்கில் ஆண்கள் தோட்டத்தைவிட்டு வெளியே போனார்கள். மூணாறு சுற்றுலா ஊரானதும் ஜீப் ஓட்டலாம், ஆட்டோ ஓட்டலாம், கட்டட வேலைக்குப் போகலாம், விடுதிகளில் வேலை பார்க்கலாம் என்று ஆயிற்று. 2015-இல் தோட்டத்து நாள் கூலி 232 ரூபாய். அன்றைய கேரளத்தில் கட்டட வேலைக்குப் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். அப்படியிருக்க ஆம்பிளை எதற்குத் தோட்டத்தில் இருக்கப் போகிறான்?

ஆனால் எல்லோருமே போய்விட முடியாது. லயத்து வீடு கம்பெனியுடையது. வீட்டில் யாராவது ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகப் பேரேட்டில் இருந்தால்தான் வீடு. 58 வயதில் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு மகளோ மருமகளோ மகனோ வந்தாக வேண்டும். இல்லையென்றால் சாமானைக் கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான். இறங்கி எங்கே போவது? நான்கு தலைமுறைக்கு முன் விட்டு வந்த ஊரில் ஒரு செண்டு நிலம் இருக்காது.

சரி, யாராவது ஒருவர் தோட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால், அது யார்? அடுக்களையையும் பிள்ளையையும் யார் பார்ப்பார்களோ அவர்கள்தான். பிள்ளைக் காப்பகம் தோட்டத்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவற்றையெல்லாம் கம்பெனியின் கடமையாக்கியிருந்தது. ஆக, ஆம்பிளை கூடுதல் கூலியைத் தேடி வெளியே போக, பொம்பிளை குறைந்த கூலிக்கு வீட்டைக் காப்பாற்ற உள்ளே நின்றாள். அவன் கொண்டுவரும் பணம் சில நாள் வரும், சில நாள் வராது. ரேஷனும் பள்ளிக்கூடமும் கடைக்காரன் பற்றும் நம்பியிருப்பது அவள் சம்பளத்தை. ஆனாலும் வெளியாள் கேட்டால், 'வீட்டுக்காரர் டிரைவரா இருக்காரு, நான் சும்மா தோட்டத்துக்குப் போறேன்' என்கிற பதில்தான் வரும். அந்தச் 'சும்மா'வில்தான் கூரையே நிற்கிறது.

கல்யாணத்திலும் இது புகுந்துகொண்டது. மாமியார் ஓய்வு பெறப் போகும் வீட்டுக்கு வருகிற மருமகள், மருமகளாக மட்டும் வருவதில்லை. மாமியாரின் இடத்துக்கும் வருகிறாள். வேலை கை மாறுகிறது, வீடு கையில் நிற்கிறது. சமவெளியில் பெண் எடுக்கும்போது நிலமும் நகையும் பேசுவார்கள். இங்கே 'பொண்ணு தோட்ட வேலைக்கு வருமா' என்பதும் ஒரு பேச்சு. சொத்து மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகிற தாய்வழி ஏற்பாடு என்று இதைச் சிலர் ரொமாண்டிக்காகச் சொல்லக்கூடும். போவது சொத்தில்லை, முதுகுவலிதான்.

ஒரு நாள்

விடிவதற்கு முன்பே எழுந்து சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, தூக்குப் பாத்திரத்தில் கட்டன் சாயாவோடு காட்டுக்குப் போக வேண்டும். தேயிலைக் காட்டைக் 'காடு' என்றுதான் சொல்வார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். செடியின் கிளை கிழிக்கும், பனி நனைக்கும், மழைக்காலத்தில் அட்டை ஏறும். கையால் கிள்ளுவது குறைந்து இப்போது பெரும்பாலும் கத்தரி. கத்தரியின் ஒரு அலகில் பெட்டிபோல ஒன்று பொருத்தியிருக்கும். வெட்டிய கொழுந்து அதில் விழும், விழுந்ததைச் சாக்கில் தட்ட வேண்டும். தோள்பட்டையும் மணிக்கட்டும் அதில்தான் போகின்றன.

அன்றைய கணக்கில் ஒரு நாள் 'பேர்' விழ, அதாவது முழு நாள் கூலி கணக்கில் ஏற, 21 கிலோ எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுப்பதற்குக் கிலோவுக்குச் சில்லறைக் காசு. சாக்கைத் தலையில் ஏற்றிச் சரிவில் எடை போடும் இடத்துக்கு இறங்க வேண்டும். எடை போடுகிறவர் ஆண், சூப்பர்வைசர் ஆண், அவருக்கு மேலே இருப்பவரும் ஆண். கவாத்து (செடியை வெட்டிவிடுவது), மருந்தடிப்பு, ஃபேக்டரி வேலை என ஆண்களுக்கென்று சில வேலைகள் உண்டு; கொழுந்து பெண்களுக்கு. கம்பெனி விற்பது கொழுந்தைத்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சாயங்காலம் வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், மறுபடி சோறு. லயம் என்பது பிரிட்டிஷ்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிப் போட்டது. ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் சின்னத் திண்ணை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் நடுவில் ஒரு சேலை தொங்கும்.

பத்து சதவீதம்

2005-இல் டாடா டீ தோட்டத்தை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி வந்தது. பங்கில் பெரும்பகுதி ஊழியர்கள் பெயரில். உலகத்திலேயே பெரிய தொழிலாளர் பங்கேற்புத் தேயிலைக் கம்பெனிகளில் ஒன்று என்று பெருமையாகப் பேசப்பட்டது. அதாவது சாலையில் உட்கார்ந்த பெண்களில் பலர் காகிதத்தில் முதலாளிகள். முதலாளி 232 ரூபாய்க்கு அட்டைக்கடி வாங்குகிற விசித்திரத்தை நிர்வாகவியல் பாடத்தில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். முந்தைய ஆண்டுகளில் கூடுதல் தொகையோடு சேர்த்து 20 வரை பார்த்தவர்களுக்கு, 2015-இல் 10 என்று அறிவிப்பு வந்தது: 8.33 போனஸ், 1.67 கருணைத் தொகை. தேயிலை விலை இறங்கிவிட்டது, லாபம் சரிந்துவிட்டது என்றது நிர்வாகம். அது பொய் என்று சொல்வதற்கில்லை. அந்த ஆண்டு தேயிலைச் சந்தை சோர்ந்துதான் இருந்தது.

ஆனால் போனஸ் என்பது லயத்தில் உபரிப் பணம் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடிய கடன் அன்றுதான் அடைபடும். அடகில் இருக்கும் கம்மல் திரும்பும், பிள்ளையின் ஹாஸ்டல் கட்டணம் போகும். மாதச் சம்பளம் வயிற்றுக்கு. ஆண்டில் ஒருமுறை கைக்கு மொத்தமாக வருவது இது ஒன்றுதான். அதைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று வீட்டுக் கணக்கு பார்க்கிறவளுக்குத்தான் முதலில் உறைக்கும். சங்கத் தலைவருக்கு அது சதவீதம். அவளுக்கு அது கம்மல்.

சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி என மூன்று பெரிய சங்கங்களும் மூணாறில் உண்டு. சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஆண்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: நம் சந்தாவில் வளர்ந்தவர்கள் பங்களாவில் இருக்கிறார்கள், நாம் ஏன் லயத்தில் இருக்கிறோம்? தலைவர்கள் சிலர் கம்பெனியிடம் வீடும் சலுகையும் வாங்கினார்கள் என்று பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார்கள். கொழுந்து மூட்டை எங்கள் தலையில், பணப்பை உங்கள் தோளில் என்கிற பொருளில் கோஷம் எழுந்தது. கம்பெனியைவிடச் சங்கத்தின் மேல்தான் கோபம் அதிகம். அந்நியன் அடித்தால் ஒரு வலி, அண்ணன் விற்றுவிட்டான் என்றால் வேறு வலி.

ஒன்பது நாள்

ஆண்கள் முன்னால் வரக் கூடாது என்று முடிவு செய்ததுதான் இந்தப் போராட்டத்தின் கெட்டிக்காரத்தனம். காரணத்தையும் மறைக்கவில்லை: ஆம்பிளைகளைச் சாராயம் வாங்கிக் கொடுத்து வளைத்துவிடுவார்கள். கேலியாகத் தோன்றலாம். ஆனால் அது முந்தைய போராட்டங்கள் எங்கே உடைந்தன என்பதைப் பார்த்து வந்த முடிவு. இன்னொன்றும் உண்டு. ஆண் முன்னால் நின்றால் தடியடி எளிது, கைது எளிது, 'கலகக்காரன்' என்று முத்திரை குத்துவதும் எளிது. சேலைக்கு மேல் சட்டை போட்ட ஐம்பது வயதுப் பெண்களை அத்தனை கேமராவுக்கு முன்னால் யார் அடிக்கப் போகிறார்கள்?

ஆண்கள் ஒதுங்கி ஓரமாக நின்றார்கள். பலர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாளும் யாரோ ஒருவர் சோறு பொங்கியிருக்க வேண்டும் அல்லவா? சில லயங்களில் முதல் முறையாக அது ஆண்களாக இருந்திருக்கும். இதை ஒரு புரட்சி என்று நான் ஊத மாட்டேன். பத்தாம் நாள் அடுப்பு பழைய கைக்கே திரும்பியிருக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செய்ய முடிகிற வேலைதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

போராட்டம் கேரள அரசியலை உலுக்கியது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கூச்சல். ஒரே ஒரு விதிவிலக்கு வி.எஸ். அச்சுதானந்தன். அப்போது 91 வயது, எதிர்க்கட்சித் தலைவர், விரட்டப்பட்ட சிஐடியுவின் கட்சியான மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 2007-இல் முதலமைச்சராக இருந்து மூணாறு ஆக்கிரமிப்புகளை இடிக்கச் சொன்னவர் என்ற பேர் அவருக்கு அங்கே இருந்தது. செப்டம்பர் 13 அன்று வந்து பெண்களோடு உட்கார்ந்தார். அன்றே கொச்சியில் உம்மன் சாண்டி அரசு நடத்திய பேச்சில் முடிவு வந்தது: 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை, மொத்தம் 20. கேட்டது அப்படியே கிடைத்தது. லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்ற பெயர்கள் மலையாளப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தன.

கையெழுத்து போடுவது யார்

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் ஆய்வுக்குத் தேவை அடுத்த பகுதி.

போனஸ் கம்பெனிக்குக் கம்பெனி தீர்வது. கூலி அப்படியில்லை. அரசு, தோட்ட முதலாளிகள், அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் என மூன்று தரப்பு உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழுதான் கேரளம் முழுவதற்கும் கூலி நிர்ணயிக்கிறது. பெண்கள் கேட்டது 500 ரூபாய். அந்த மேசையில் பொம்பிளை ஒருமைக்கு நாற்காலி இல்லை. செப்டம்பர் கடைசியில் சங்கங்களே அதே 500-ஐக் கேட்டு மாநிலம் தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தன. இழந்த மரியாதையை மீட்கும் அவசரம் அதில் தெரிந்தது. பெண்களும் தனியாகப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரே கோரிக்கை, இரண்டு பந்தல். இடையில் கல்லெறியும் நடந்தது.

அக்டோபர் 14-இல் முடிவு: தேயிலைக்கு 301 ரூபாய். 232-லிருந்து பார்த்தால் உயர்வுதான். கூடவே ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து 21-லிருந்து 25 கிலோவானது. கூலி 69 ரூபாய் ஏறியது, மூட்டை 4 கிலோ ஏறியது. கையெழுத்துப் போட்டவர்கள் பழையவர்கள்.

இங்கேதான் நான் பொம்பிளை ஒருமையின் ஆதரவாளர்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். அமைப்பே இல்லாததுதான் அவர்கள் பலம் என்று அப்போது பலர் சிலாகித்தார்கள். ஒன்பது நாளுக்கு அது பலம். பத்தாம் நாளிலிருந்து அது பலவீனம். அதே கேரளத்தில், கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜி வேறு வழியில் போனார். 'பெண்கூட்டு' என்று தொடங்கி, பிறகு பதிவு பெற்ற சங்கமாகவே ஒன்றை உருவாக்கினார். கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை 2018-இல் கேரளத்தில் சட்டத் திருத்தமானது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் செய்தது. மெதுவான வேலை, தொலைக்காட்சிக்கு ஏற்றதில்லை. ஆனால் காகிதத்தில் நின்றுவிட்டது.

மூணாறில் நடந்தது வேறு. நவம்பர் 2015 உள்ளாட்சித் தேர்தலில் கோமதி நல்லதண்ணி டிவிஷனில் வட்டார ஊராட்சிக்கு வென்றார். அதற்குள் லிசிக்கும் கோமதிக்கும் ஒத்துப்போகவில்லை. கோமதி கொஞ்ச காலம் சிஐடியு பக்கம் போய்த் திரும்பினார். 2016 சட்டமன்றத் தேர்தலில் மூணாறு அடங்கிய தேவிகுளம் தொகுதியில் பொம்பிளை ஒருமை நிறுத்திய வேட்பாளர் படுதோல்வி அடைந்தார். வென்றவர் எஸ். ராஜேந்திரன், எட்டு மாதத்துக்கு முன் விரட்டப்பட்ட அதே எம்எல்ஏ. இதை 'மக்கள் மறந்துவிட்டார்கள்' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று தினமும் யாரிடமாவது போய் நிற்க வேண்டிய வாழ்க்கையில், சங்கத்தைத் திட்டலாம். சங்கம் இல்லாமல் இருக்க முடியாது.

வெளியில் பேசத் தொடங்கிய பெண்ணுக்கு இன்னொரு விலையும் உண்டு. 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி இந்தப் பெண்களின் நடத்தையைப் பற்றிக் கூட்டத்தில் கொச்சையாகப் பேசினார். கணக்கு கேட்ட பெண்ணுக்குப் பதில் கணக்காக வராது, நடத்தையைப் பற்றித்தான் வரும். கோமதியும் சில தோழிகளும் மூணாறில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015-இன் கூட்டம் அப்போது திரளவில்லை.

லயம்

கூலியும் போனஸும் ஏறி இறங்கும். வீடு மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்ததில் 70 பேர் போனார்கள். பலருக்குக் கயத்தாறு பக்கத்துப் பூர்வீகம். ஒரே குடும்பத்துக் கிளைகள் பக்கத்துப் பக்கத்து லயத்தில் இருந்ததால் வம்சமே அழிந்த கதைகள் உண்டு. வேலை மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அக்காவிடமிருந்து தங்கைக்கு என்று சுற்றிச் சுற்றி உறவுக்குள்ளேயே நின்றது அந்த இரவில் இப்படியும் முடிந்தது. அப்போதும் சொந்த நிலம், சொந்த வீடு என்று கேட்டுக் கோமதி சாலைக்கு வந்தார். பினராயி விஜயனின் வண்டிக்கு முன்னால் போராட முயன்றவரைப் போலீஸ் அகற்றியது.

அம்மாக்களின் போனஸில் படித்த பெண் பிள்ளைகள் பலர் இப்போது கொழுந்து கிள்ள வருவதில்லை. நர்சிங் படித்துவிட்டு வெளியூர் போகிறார்கள், கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்குகிறார்கள். 'பொண்ணு தோட்ட வேலைக்கு வருமா' என்று கேட்டால் வரனையே தட்டிவிடுகிற பெண்களும் உண்டு. அவர்கள் விட்ட இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஜோடி ஜோடியாக ஆள் வருகிறது. குடும்பமாக வந்தால் ஓட மாட்டான் என்ற பழைய கணக்கு மறுபடி வேலை செய்கிறது. சாயங்காலம் எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் பேரேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார். மாரியம்மாவுக்கும் பாண்டியம்மாவுக்கும் நடுவில் அவர் வாயில் இன்னும் சரியாக நுழையாத சில பெயர்கள் வருகின்றன.